ஒன்பது மணிக்கு மேல் வரைந்த படம்

அந்த ஆசிரியருக்கு மாலை வகுப்பு முடியும்போது இரவு மணி ஒன்பதைத் தாண்டிவிடும். அதுவரை லூயிஸ் லாட்டிமர் வீட்டுக்குப் போகாமல் அலுவலகத்திலேயே காத்திருப்பார். எந்தப் பாகம் எங்கே இருக்கிறது, எது எதைத் தொடுகிறது, கம்பி எங்கே போய் முடிகிறது என்று ஆசிரியர் வந்து சொல்ல, அவர் அதைக் கோடுகளாக்க வேண்டும். ஆசிரியரின் பெயர் அலெக்சாண்டர் கிரஹாம் பெல். ஊர், அமெரிக்காவின் பாஸ்டன். 1876 பிப்ரவரியில் வாஷிங்டனில் தாக்கலான தொலைபேசிக் காப்புரிமை மனுவுக்கான படங்கள் அவை. இப்படி இரவில் காத்திருந்து குறிப்பு வாங்கியதைப் பிற்காலத்தில் லாட்டிமரே தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

பெல்லுக்கு அப்போது 28 வயது, லாட்டிமருக்கு 27. பெல்லின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். லாட்டிமர் என்றால் ‘யார் அவர்?’ என்று கேட்பவர்களே மிகுதி. அவர் யார் என்று சொல்வதற்கு முன்னால், அவர் செய்த வேலை என்ன என்று சொல்லியாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஒன்றைக் கண்டுபிடித்தவர், ‘இது என்னுடையது’ என்று அரசாங்கத்திடம் எழுதி வாங்குவதற்குள் அது எத்தனை கைகள் மாறியது என்பது அந்த வேலையைப் பார்த்தால்தான் புரியும்.

காப்புரிமை ஓர் ஒப்பந்தம். கண்டுபிடித்தவர் தன் ரகசியத்தை ஒளிக்காமல் ஊருக்குச் சொல்லிவிட வேண்டும். பதிலுக்கு, குறிப்பிட்ட காலம்வரை அவர் அனுமதியில்லாமல் வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று அரசு காவல் நிற்கும். காலம் முடிந்தால் அது ஊர்ப் பொது. அமெரிக்காவில் 1861 முதல் அந்தக் காலம் 17 ஆண்டுகள். மனுவோடு 15 டாலரும், உரிமை கிடைக்கும்போது 20 டாலரும் கட்ட வேண்டும். இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் இது மலிவு. அங்கே 1852 வரை அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, முத்திரைக்கு மேல் முத்திரை வாங்கி, இங்கிலாந்துக்கு மட்டுமே நூறு பவுனை நெருங்கச் செலவழித்தாக வேண்டும். சார்லஸ் டிக்கன்ஸ் 1850இல் இந்த அலைச்சலை ஓர் ஏழைத் தொழிலாளியின் வாய்மொழியாகக் கதையாகவே எழுதினார். 1852இல் வந்த புதிய சட்டம் முத்திரைகளைக் குறைத்தது. ஆனால் தொடக்கத்தில் 25 பவுன், மூன்றாம் ஆண்டில் 50, ஏழாம் ஆண்டில் 100 என்று கட்டினால்தான் உரிமை உயிரோடிருக்கும். பட்டறைத் தொழிலாளிக்கு அதுவும் எட்டாத பணம்தான்.

அமெரிக்காவில் தடை வேறு இடத்தில் இருந்தது. 1836ஆம் ஆண்டுச் சட்டம், வருகிற மனு உண்மையிலேயே புதியதா என்று ஆராய்ந்து பார்க்கச் சம்பளம் கொடுத்துத் தேர்வாளர்களை அமர்த்தியது. முன்பே பதிவானவற்றையெல்லாம் அவர்கள் புரட்டிப் பார்ப்பார்கள். ஒத்துப்போகிறது என்று தோன்றினால் மனு திரும்பிவிடும். ஆகவே கண்டுபிடித்தால் மட்டும் போதாது. கண்டுபிடித்தது என்ன என்பதை, முன்பின் தெரியாத ஒருவர் தாளில் பார்த்தே புரிந்துகொண்டு, ‘இது இதற்கு முன் இல்லை’ என்று ஒத்துக்கொள்ளும்படி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இரும்பை வளைக்கத் தெரிந்தவருக்கு வாக்கியத்தை வளைக்கத் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லையே. அங்கேதான் உதவிக்கு ஆள் தேவைப்பட்டது.

நிலப் பத்திரம் எழுதுகிறவர்களை நாம் அறிவோம். நிலம் விவசாயியுடையது. அதில் எங்கே கிணறு, எங்கே வரப்பு என்பதெல்லாம் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் முன் பத்திர எழுத்தர் ஒருவர் உட்கார்ந்து, வடக்கே இன்னார் நிலம், கிழக்கே வாய்க்கால் என்று நான்கெல்லையைச் சொற்களில் கட்டிக் கொடுக்க வேண்டும். எல்லை பிசகினால் பின்னால் வழக்கு. காப்புரிமை மனுவிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். மனுவுக்கு மூன்று அங்கங்கள். கருவி எப்படி அமைந்திருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று விவரிக்கும் பகுதி ஒன்று. அந்த விவரிப்போடு எழுத்துக்கு எழுத்து பொருந்திவரும் படம் இன்னொன்று. கடைசியில் உரிமைக்கோரல். ‘இதிலே எனக்கு உரியது இன்னது’ என்று எல்லை கட்டும் சில வாக்கியங்கள்.

மூன்றில் கடைசியே உயிர். எல்லையை மிக அகலமாக இழுத்தால், அது பழையதன் மேல் போய் விழுகிறது என்று தேர்வாளர் மறுத்துவிடுவார். மிகக் குறுகலாக இழுத்தால் உடனே கிடைத்துவிடும். ஆனால் பக்கத்துப் பட்டறைக்காரர் ஒரு திருகை இடம் மாற்றி வைத்துவிட்டு, ‘என்னுடையது வேறு’ என்று கடையைத் திறந்துவிடுவார். உரிமை கிடைத்தால் மட்டுமே கூலி என்று மனு எழுதிக் கொடுத்த சில முகவர்கள், எளிதில் கிடைக்கட்டும் என்று வேண்டுமென்றே எல்லையைச் சுருக்கி எழுதினார்கள். கண்டுபிடித்தவருக்குச் சட்டகம் போட்டு மாட்ட அழகான சான்றிதழ் கிடைக்கும், அதற்குள் உரிமை என்று எதுவும் இருக்காது. ஆண்டுக்கணக்கில் ராத்தூக்கம் கெட்டுச் செய்த ஒன்று இப்படிப் பறிபோனதை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது.

படத்துக்கு வருவோம். காப்புரிமை அலுவலகம் அதற்கு வகுத்திருந்த விதிகள் கறாரானவை. தாள் கெட்டியான வெள்ளை பிரிஸ்டல் அட்டை. அளவு 10 அங்குலத்துக்கு 15 அங்குலம். சுற்றிலும் ஓர் அங்குலம் விட்டுக் கோடு. மை, நம் ஊர் வரைவாளர்கள் இன்றும் இந்தியன் இங்க் என்று அழைக்கும் அந்தக் கறுப்பு மை மட்டுமே. படங்களை ஒளிப்பட முறையில் சிறிதாக்கி அச்சிட்டார்கள். வெளிறிய கோடு அதில் மறைந்துவிடும், நெருக்கமான கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும் என்பதால்தான் இத்தனை கண்டிப்பு. வெளிச்சம் இடது மேல்மூலையிலிருந்து சாய்வாக விழுவதாக வைத்துக்கொண்டு, நிழல் விழும் பக்கத்துக் கோட்டைச் சற்றுத் தடிப்பாக இழுக்க வேண்டும். அந்தத் தடிப்பைப் பார்த்தே இது குழியா, மேடா, உருண்டையா, தட்டையா என்று தேர்வாளர் புரிந்துகொள்வார். ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எழுத்து. அதே எழுத்து விவரக்குறிப்பில் அதே பாகத்தைத்தான் குறிக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

படத்தோடு கைக்கு அடங்கும் மாதிரி உருவம் ஒன்றையும் கொடுக்க வேண்டும் என்ற வழக்கமும் நெடுநாள் இருந்தது. எந்தப் பக்கமும் 12 அங்குலத்துக்கு மிகாத குட்டி இயந்திரங்கள். ஆபிரகாம் லிங்கன்கூட, ஆழம் குறைந்த ஆற்றில் தரைதட்டும் படகைக் காற்றுப் பைகளால் தூக்கிவிடும் தன் யோசனைக்கு அப்படியொரு மாதிரி செய்து கொடுத்து, 1849 மே 22 அன்று 6469ஆம் எண் காப்புரிமை பெற்றார். வழக்கறிஞரான அவரும் இந்த மனுவுக்கு வாஷிங்டனில் இருந்த வேறொரு வழக்கறிஞரையே நாடினார். மாதிரிகள் குவிந்து குவிந்து கட்டடம் கொள்ளாமல் போனது. 1877 செப்டம்பர் 24 அன்று காப்புரிமை அலுவலகம் தீப்பிடித்தபோது ஏறத்தாழ 87,000 மாதிரிகள் எரிந்தன. அதன் பிறகு மாதிரி கேட்கும் வழக்கம் தேய்ந்து, 1880இல் கைவிடப்பட்டது. தாளில் இருக்கும் கோடுகளே எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றானது. வரைவாளரின் கைக்கு அப்படித்தான் அத்தனை எடை வந்தது.

லாட்டிமரின் கை அந்த வேலைக்கு எப்படிப் பழகியது?

அவருடைய தந்தை ஜார்ஜ் லாட்டிமர், வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக்கில் அடிமையாக இருந்தவர். 1842 அக்டோபரில், கருவுற்றிருந்த மனைவி ரெபெக்காவோடு கப்பலேறித் தப்பி பாஸ்டன் வந்தார். வந்த சில நாட்களிலேயே அடையாளம் காணப்பட்டுச் சிறைப்பட்டார். ‘என் உடைமையைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று உரிமையாளர் வந்து நின்றார். நகரம் கொதித்தது. அடிமை ஒழிப்புக்காகப் போராடிய பிரெடரிக் டக்ளஸ் போன்றவர்கள் மேடையேறிப் பேசினார்கள். கடைசியில் 400 டாலர் திரட்டிக் கொடுத்து ஜார்ஜின் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். 60,000க்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு மாநில அவைக்குப் போனது. தப்பி வந்தவர்களைப் பிடித்துக் கொடுக்க மாசசூசெட்ஸ் அதிகாரிகள் துணைபோகக் கூடாது என்று 1843இல் சட்டமே வந்தது. லாட்டிமர் சட்டம் என்றே அதை அழைத்தார்கள். லூயிஸ் பிறந்தது 1848 செப்டம்பர் 4, பாஸ்டனை ஒட்டிய செல்சியில்.

இந்த இடத்தில் நான் ஒரு நிமிடம் நிற்க விரும்புகிறேன். கண்டுபிடிப்பாளர்களுக்குக் குறிப்பிட்ட காலம் தனியுரிமை கொடுக்கலாம் என்ற அதிகாரத்தை அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தந்தது அந்நாட்டு அரசியல் சாசனம். ஒரு மாநிலத்திலிருந்து தப்பி ஓடிய அடிமையை, கேட்கிறவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதி வைத்ததும் அதே சாசனம்தான். மூளையில் பிறந்த எண்ணத்தை அந்த மனிதனின் சொத்து என்றது ஒரு பிரிவு. மனிதனையே இன்னொருவனின் சொத்து என்று விட்டுவைத்தது மற்றொரு பிரிவு.

இரண்டு பிரிவுகளும் ஒரே மேசையில் வந்து மோதிய சம்பவமும் உண்டு. மிசிசிப்பியில் நெட் என்ற அடிமைத் தொழிலாளி, பருத்தி வயலில் களை சுரண்டும் கருவி ஒன்றை உருவாக்கினார். அவருடைய உரிமையாளர் ஆஸ்கர் ஸ்டூவர்ட், அடிமையின் உழைப்பு எனக்குரியது என்றால் அவன் கண்டுபிடிப்பும் எனக்குரியதுதான் என்று 1857இல் காப்புரிமை கேட்டார். கிடைக்கவில்லை. மனுதாரர், ‘இதைக் கண்டுபிடித்தவன் நானே’ என்று சத்தியம் செய்ய வேண்டும். ஸ்டூவர்ட் அப்படிச் செய்ய முடியாது, அவர் கண்டுபிடிக்கவில்லை. நெட் செய்யலாமா? அடிமை, சட்டத்தின் கண்ணில் குடிமகனே இல்லை. அவர் சத்தியம் செல்லாது, உரிமையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கவும் முடியாது. அடிமையின் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை இல்லை என்று 1858இல் அரசுத் தலைமை வழக்கறிஞர் ஜெரமையா பிளாக் கருத்துரைத்தார். 1861இல் தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோய்த் தனிச் சட்டம் எழுதியபோது, அடிமையின் கண்டுபிடிப்பு உரிமையாளருக்கே என்று மறக்காமல் சேர்த்துக்கொண்டன. நெட்டின் முழுப் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை.

லூயிஸ் லாட்டிமர் 16 வயதில் உள்நாட்டுப் போரில் கடற்படையில் சேர்ந்தார். 1865இல் போர் முடிந்து திரும்பியதும், கிராஸ்பி அண்ட் கூல்ட் என்ற காப்புரிமை வழக்கறிஞர் அலுவலகத்தில் எடுபிடிப் பையனாக வேலை கிடைத்தது. வாரத்துக்கு 3 டாலர். அங்கே வரைவாளர்கள் மேசைக்கு அருகில் போகும்போதெல்லாம், எந்தக் கருவியை எப்போது எடுக்கிறார்கள், கோட்டை எங்கே தடிக்க வைக்கிறார்கள் என்று கவனித்தார். பழைய கருவிப் பெட்டி ஒன்றையும் புத்தகங்களையும் வாங்கி வீட்டில் பழகினார். ஒருநாள் தானும் ஒரு படம் வரைந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். கேட்டவரின் நிறத்தையும், அவர் செய்த வேலையையும் நினைத்துப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய கேள்வி என்று தெரியும். வாய்ப்புக் கிடைத்தது. சில ஆண்டுகளில் தலைமை வரைவாளர் ஆனார். சம்பளம் வாரத்துக்கு 20 டாலராக உயர்ந்தது. 1874இல் ரயில் பெட்டிக் கழிப்பறைக்கான திருத்தம் ஒன்றுக்கு சார்லஸ் பிரவுன் என்பவரோடு சேர்ந்து தன் பெயரிலேயே காப்புரிமையும் வாங்கியிருந்தார். பெல் அவரிடம் வந்தது அதற்குப் பிறகு.

பெல் கொண்டுவந்த யோசனையை வரைவது எளிதில்லை. அதில் பாதி கண்ணுக்குத் தெரியாதது.

அன்றைய தந்தியில் மின்சாரம் இரண்டே நிலைகளை அறியும். விசையை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். இப்படி விட்டுவிட்டு ஓடும் மின்சாரத்தில் தகவலை அனுப்பலாம், குரலை அனுப்ப முடியாது. குரல் என்பது காற்றின் அதிர்வு. அது ஒரேயடியாகத் தோன்றி மறைவதில்லை. அலைபோல மெல்ல ஏறி, மெல்ல இறங்குகிறது. ஒரே காற்றில் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து வந்தாலும் காது இரண்டையும் பிரித்துக் கேட்கிறதே, காரணம் ஓர் அலையின் மேல் இன்னோர் அலை ஏறினாலும் இரண்டின் வடிவமும் அந்தக் கூட்டலுக்குள் அழியாமல் இருப்பதுதான். விட்டுவிட்டு ஓடும் மின்சாரத்தில் இது நடக்காது. பல சுரங்களை ஒரே கம்பியில் அனுப்பினால், ஒன்றின் இடைவெளியை இன்னொன்று நிரப்பிவிடும். கடைசியில் இடைவெளியே இல்லாத ஒரே ஓட்டம்தான் மிஞ்சும். ஆகவே மின்சாரமும் காற்றைப் போலவே அலையாக ஏறி இறங்க வேண்டும் என்றார் பெல்.

அவருடைய மனுவின் தொடக்கப் படங்கள் இதைத்தான் காட்டுகின்றன. அவற்றில் இயந்திரம் இல்லை, வரைகோடுகள் மட்டுமே. ஒரு சுரம் நான்கு முறை துடிக்கும் நேரத்தில் இன்னொன்று ஐந்து முறை துடிக்கிறது. இரண்டும் தனித்தனியாக ஒரு வரிசை, கூட்டினால் என்னவாகும் என்று கீழே இன்னொரு வரிசை. முதலில் விட்டுவிட்டு ஓடும் மின்சாரத்துக்கு, பிறகு அலைபோல ஓடுவதற்கு. கண் ஓட்டிப் பார்த்தாலே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விளங்கிவிடும். நான் பார்த்த காப்புரிமைப் படங்களில் இதைவிடச் சிக்கனமாக ஓர் இயற்பியல் கருத்தைச் சொன்னது வேறில்லை.

கடைசியாக வரும் 7ஆம் படம் உலகப் புகழ் பெற்றது. இரண்டு பக்கமும் இரண்டு கூம்புகள். ஒரு கூம்பின் அகன்ற வாயில் பேசினால், அதன் மறுமுனையில் இழுத்துக் கட்டிய தோல் அதிரும். தோலின் நடுவில் ஒட்டிய இரும்புத் துண்டு, மின்காந்தத்தின் அருகே முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டம் கம்பிச் சுருளில் மின்சாரத்தை ஏற்றி இறக்கும். மறுமுனையில் அதே மின்சாரம் இன்னொரு மின்காந்தத்தை வலுவாக்கியும் தளரவிட்டும் அங்குள்ள இரும்பை ஆட்ட, அங்குள்ள தோல் அதிர்ந்து, இரண்டாவது கூம்பிலிருந்து குரல் வெளிவரும். மனுவின் தலைப்பில் தொலைபேசி என்ற சொல்லே இல்லை. தந்தியில் ஒரு திருத்தம் என்றுதான் இருக்கிறது. ஐந்து உரிமைக்கோரல்கள். ஐந்தாவதில்தான் புதையல். குரலோடு எழும் காற்றின் அதிர்வை ஒத்த வடிவில் மின்சாரத்தை அலைபோல ஏறி இறங்கச் செய்து குரலையோ பிற ஒலியையோ அனுப்பும் முறைக்கும் கருவிக்கும் அது உரிமை கேட்டது. தோல், கூம்பு என்று பொருளுக்கு எல்லை கட்டாமல் வழிமுறைக்கே எல்லை கட்டிய வாக்கியம் அது. இத்தனைக்கும், மனு போன நாளில் அந்தக் கருவி ஒரு வாக்கியத்தைக்கூடத் தெளிவாகக் கடத்தியிருக்கவில்லை.

பெல் 1876 ஜனவரி 20 அன்று பாஸ்டனில் சத்தியம் செய்து கையெழுத்திட்டார். உடனே தாக்கல் செய்யவில்லை. வேறு நாட்டில் முதலில் பதிவானால் பிரிட்டனில் உரிமை போய்விடும் என்ற அச்சம். டொரண்டோ பத்திரிகையாளர் ஜார்ஜ் பிரவுன் லண்டனில் பதிவு செய்வதாக ஏற்றிருந்தார். செய்தி வரும்வரை காத்திருக்க வேண்டும். செய்தி வரவே இல்லை. பெல்லுக்குப் பணம் கொடுத்து ஆதரித்தவரும், பின்னாளில் அவர் மாமனாரானவருமான கார்டினர் ஹப்பர்டு பொறுமையிழந்தார். பெல்லைக் கேட்காமலே வாஷிங்டன் வழக்கறிஞர்கள் பொலாக், பெய்லி மூலம் பிப்ரவரி 14 அன்று மனுவைத் தாக்கல் செய்யச் சொன்னார். பெல் அப்போது பாஸ்டனில் இருந்தார்.

அதே நாள், அதே அலுவலகத்துக்கு எலிஷா கிரே என்பவரின் தாளும் வந்தது. அது மனு இல்லை, கேவியட். நம் நீதிமன்றங்களில் கேவியட் மனு என்று கேட்டிருப்பீர்கள், என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. அன்றைய காப்புரிமைச் சட்டத்திலும் அப்படித்தான். நான் இதன்மேல் வேலை செய்துகொண்டிருக்கிறேன், ஓராண்டுக்குள் வேறு யாராவது இதையே கேட்டால் எனக்குத் தெரிவியுங்கள் என்று பதிந்து வைப்பது. கிரேயின் கேவியட்டும் குரலைக் கம்பியில் அனுப்புவது பற்றியதுதான். தேர்வாளர் ஸீனஸ் வில்பர், இரண்டும் மோதுகின்றன என்று பெல்லின் மனுவை நிறுத்தி வைத்தார்.

வழக்கறிஞர் தன் கூலியை ஈட்டியது இங்கேதான். அன்று பணம் கட்டிய கணக்கேட்டைப் பாருங்கள் என்று கேட்டார்கள் பெல்லின் வழக்கறிஞர்கள். பெல்லின் பெயர் ஐந்தாவதாக இருந்தது. கிரேயின் பெயர் 39ஆவது. மனு வந்த பிறகே கேவியட் வந்தது என்றால் கேவியட் அதைத் தடுக்காது என்ற வாதம் ஏற்கப்பட்டது. மார்ச் 7 அன்று 174,465ஆம் எண் காப்புரிமை வெளிவந்தது. மூன்று நாள் கழித்து மார்ச் 10 அன்றுதான், பக்கத்து அறையிலிருந்த உதவியாளர் வாட்சனை அழைத்த பெல்லின் குரல் முதன்முதலாகக் கம்பி வழியே புரியும்படி கேட்டது. அன்று பயன்படுத்தியது, கிரேயின் கேவியட்டில் இருந்ததைப் போலத் திரவத்தில் கம்பி தோய்ந்து ஆடும் கருவி. சந்தேகம் அங்கிருந்து கிளம்பியது. பெல்லுக்குக் கிரேயின் தாளைக் காட்டினேன் என்று 1886இல் வில்பரே வாக்குமூலம் கொடுத்தார். அதற்கு முன்பு அவரே கொடுத்த வாக்குமூலங்கள் இதற்கு நேர்மாறானவை. பெல் கடைசிவரை மறுத்தார். இன்றும் வரலாற்றாசிரியர்கள் இரு அணியாக நிற்கிறார்கள். 1888இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் பெல்லின் ஐந்தாவது உரிமைக்கோரலைக் காப்பாற்றிக் கொடுத்தது. ஒரு நீதிபதி மாறியிருந்தால் தொலைபேசித் தொழிலின் வரலாறே வேறு.

உதவியாளர் வாய்க்காதவர்கள், வாய்த்தும் போராட வேண்டியிருந்தவர்கள் பலர். மார்கரெட் நைட் அவர்களில் ஒருவர். காகிதப் பை தொழிற்சாலையில் வேலை பார்த்த அவர், அடிப்பக்கம் தட்டையான பையை மடித்து ஒட்டும் இயந்திரத்தை முதலில் மரத்தில் செய்து பார்த்தார். இரும்பு மாதிரிக்காகப் பாஸ்டன் பட்டறைக்குக் கொடுத்தபோது, அங்கே வந்துபோன சார்லஸ் அன்னன் அதைப் பார்த்துக்கொண்டு தன் பெயரில் மனுப் போட்டுவிட்டார். நைட் வழக்கறிஞரை அமர்த்தி, தன் குறிப்பேடுகளையும் வரைபடங்களையும் பட்டறைச் சாட்சிகளையும் கொண்டுவந்து நிறுத்தி வென்றார். 1871 ஜூலை 11 அன்று அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. மளிகைக் கடையில் நிமிர்ந்து நிற்கும் காகிதப் பையைக் கையில் எடுக்கும்போது அவர் நினைவு வருகிறது எனக்கு.

மனு எழுத உதவுவதையே தொழிலாக்கியவர்களும் இருந்தார்கள். நியூயார்க்கில் ஓர்சன் மன், ஆல்ஃபிரட் பீச் என்ற இரண்டு இளைஞர்கள் 1846இல் ஒரு வாரப் பத்திரிகையை 800 டாலருக்கு வாங்கினார்கள். சயன்டிஃபிக் அமெரிக்கன்தான் அது. புதிய காப்புரிமைகளைப் பற்றி எழுதிய பத்திரிகை, வாசகர்களின் மனுக்களையும் எழுதிக் கொடுக்கும் முகவராக வளர்ந்தது. 1877 டிசம்பரில் எடிசன் தன் ஒலிப்பதிவுக் கருவியை முதலில் தூக்கிக்கொண்டு போய்ப் பேசவைத்துக் காட்டிய இடமும் அந்த அலுவலகம்தான்.

நம் பக்கத்தில் இந்தக் கதை 1856இல் தொடங்குகிறது. இந்தியாவின் முதல் காப்புரிமைச் சட்டம் அந்த ஆண்டு வந்தது. கல்கத்தாவில் இருந்த பொறியாளர் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங், பங்கா இழுக்கும் இயந்திரம் ஒன்றுக்காக மார்ச் 3 அன்று மனுக் கொடுத்தார். வெள்ளைக்காரர்களின் கூடங்களில் நாள் முழுக்கக் கயிறு இழுத்துக்கொண்டிருந்த மனிதர்களின் வேலையை இயந்திரத்துக்கு மாற்றும் யோசனை. படங்களோடு விவரக்குறிப்பு போனது செப்டம்பர் 2 அன்று. இந்தியாவில் முதல் தனியுரிமை பெற்றது அதுதான். அந்தக் குடும்பப் பெயரில் பிறந்த காப்புரிமை முகவர் நிறுவனம் இப்போது சென்னையில் இயங்குகிறது.

லாட்டிமர் பாஸ்டனோடு நின்றுவிடவில்லை. 1880இல் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் ஹைரம் மாக்சிமின் மின்விளக்கு நிறுவனத்தில் சேர்ந்தார். எடிசனின் போட்டியாளர் மாக்சிம். அன்றைய விளக்கின் உயிர் அதற்குள் இருக்கும் கரி இழை. காகிதம் போன்ற நார்ப்பொருளை வேண்டிய வடிவில் வெட்டி, காற்றுப் புகாமல் கடுஞ்சூட்டில் வைத்துக் கரியாக்குவார்கள். சூட்டில் அது சுருங்கும், கோணும், முறியும். வெட்டிய துண்டுகளை அட்டை உறைகளுக்குள் வைத்துச் சுடலாம் என்று கண்டார் லாட்டிமர். உறையும் உள்ளே இருப்பதும் ஒரே தன்மையுள்ளவை. சூட்டில் இரண்டும் ஒத்தபடி விரிந்து ஒத்தபடி சுருங்குவதால் இழை கோணாமல் வெளிவந்தது. 1882 ஜனவரி 17 அன்று 252,386ஆம் எண் காப்புரிமை அவர் பெயரில் வந்தது.

1884இல் எடிசன் நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. பின்னர் அதன் சட்டப் பிரிவுக்குப் போனார். விளக்குக் காப்புரிமைக்காக எடிசன் தரப்பு நாடெங்கும் வழக்காடிக்கொண்டிருந்த காலம். படம் வரையவும் படிக்கவும் தெரிந்தவர், விளக்கைத் தன் கையால் செய்தவர், எதிரியின் பட்டறைக்குள்ளேயே வேலை பார்த்தவர். இந்த மூன்றும் சேர்ந்த ஆள் வேறு யார் கிடைப்பார்? வழக்குகளுக்குப் படம் வரைந்தார், ஆதாரம் திரட்டினார், சாட்சிக் கூண்டிலும் ஏறினார். அவர் முன்பு வேலை பார்த்த அதே நிறுவனத்தின் மேல் எடிசன் தொடுத்த வழக்கு 1892இல் மேல்முறையீட்டிலும் எடிசனுக்குச் சாதகமாக முடிந்தது. 1890இல் மின்விளக்கு பற்றி ஒரு புத்தகமும் எழுதியிருந்தார். 1918இல் எடிசனோடு பணியாற்றியவர்கள் கூடிச் சங்கம் தொடங்கியபோது, அதன் நிறுவன உறுப்பினர்களில் கறுப்பினத்தவர் அவர் ஒருவர்தான்.

174,465ஆம் எண் காப்புரிமையின் படத்தாளைப் பார்த்தால், அடியில் கண்டுபிடித்தவரின் பெயர் இருக்கிறது. வழக்கறிஞர்களின் பெயர் இருக்கிறது. இரண்டு சாட்சிகளின் கையெழுத்து இருக்கிறது. வரைந்தவர் பெயருக்கு அந்தத் தாளில் இடமே ஒதுக்கவில்லை.

1906இல், நியூயார்க்கின் ஹென்றி தெருச் சமூக நிலையத்தில், பிற நாடுகளிலிருந்து பிழைக்க வந்திருந்த தொழிலாளர்களுக்கு லாட்டிமர் இரண்டு பாடங்கள் நடத்தினார். ஒன்று ஆங்கிலம். மற்றது இயந்திர வரைபடம்.